ஒன்றரை சென்டிமீட்டர்

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் கிருமாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த குட்டியானை சரக்கு வண்டியின் பின்புறம், பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தாள் ஜெயசித்ரா. நோய் நொடி ஒன்றும் இல்லை. போலீஸ் தேர்வுக்கு உயரம் அளக்கப் போகிறாள், அவ்வளவுதான். படுத்து எழுந்த உடம்பு கொஞ்சம் நீண்டிருக்குமாம், நின்றால் நடந்தால் சுருங்கிவிடுமாம். ஓட்டப் பயிற்சிக்கு வரும் பெண்கள் சொன்னது. அம்மாக்காரி உஷாராணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறொன்றும் இல்லை.

“எழுந்திரிக்காதடி” என்றாள், ஒவ்வொரு வேகத்தடைக்கும்.

வண்டி ஓட்டியது உஷாராணியின் தம்பி அன்புராஜ். “இன்னாக்கா, முட்டை ஏத்தினு போற மாதிரி ஓட்டச் சொல்ற. எப்ப போய்ச் சேர்றது?”

“மெதுவாவே போ. குலுங்குனா கொறைஞ்சிடும்.”

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் வண்டியில் யாரும் சிரிக்கவில்லை. சித்ராவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது. ஓட்டத்தில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன தடவையும் அந்த ஒன்றரைதான் அவளை வெளியே தள்ளியது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, இதை விட்டால் மறுபடி கிடையாது. அப்பன் மாரிமுத்து செத்த பிறகு இந்தக் காக்கி உடுப்பைத் தவிர எதற்கும் அவள் ஆசைப்பட்டு உஷாராணி பார்த்ததில்லை.

மாரிமுத்து வீட்டு ஆட்கள் எல்லாருமே நெட்டை. நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாத ஆண்பிள்ளை அந்த வீட்டில் கிடையாது. ரத்தத்திலேயே வளர்த்தி இருக்கிறது, தானாக வரும் என்று உஷாராணி காத்திருந்தாள். அது வந்தது, ஆனால் வேறு வீட்டில் வந்தது.

சித்ரா இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. இரண்டும் அச்சு அசல் ஒரே முகம். தாய்ப்பால் போதவில்லை. ஒன்று ரொம்பவும் நோஞ்சான், மார்பைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தது. பிள்ளையில்லாத நாத்தனார் காசம்மாள் உறுவையாறு கிராமத்திலிருந்து வந்து, “ஒண்ண எங்கிட்ட குடு” என்று கேட்டபோது, உஷாராணி அந்த நோஞ்சானைத் தூக்கிக் கொடுத்தாள். பிழைக்கும் என்று தோன்றியதைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

காசம்மாள் வீட்டில் இரண்டு கறவை மாடு, சொந்த போர்வெல்லில் நல்ல தண்ணீர். இங்கே தெருக்குழாயை ஒட்டியே சாக்கடை. சித்ராவுக்கு மாதம் தவறாமல் பேதி, காய்ச்சல். வடிகஞ்சியைப் புகட்டிவிட்டு உஷாராணி களை பறிக்கப் போவாள். அந்த நோஞ்சான் அனிதா இன்றைக்குச் சித்ராவைவிட நாலு விரல் உயரம்.

போன வருஷம் உஷாராணி சுகாதார நிலையத்துக்குப் போய், சித்ரா வளர டானிக் கேட்டாள். டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். “ஒரே கரு ரெண்டா பிரிஞ்சதும்மா. பொறப்புல வந்தது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அது முழுசா வளர்றதுக்குச் சின்ன வயசுல சாப்பாடு வேணும், நல்ல தண்ணி வேணும், அடிக்கடி பேதி ஆவக்கூடாது. இனிமே டானிக் குடுத்துப் பிரயோஜனம் இல்ல.” இனிமே என்ற அந்த வார்த்தையை உஷாராணியால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

முந்தாநாள் யாரிடமும் சொல்லாமல் உறுவையாற்றுக்குப் போனாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அளக்கறப்ப மட்டும் நீ போய் நில்லு. மூஞ்சி ஒண்ணுதான, யாருக்குத் தெரியப்போவுது? உன் கால்ல வேணா வுழுறேன்.”

“கைரேகை வெப்பாங்க அத்தை” என்றாள் அனிதா. பெற்றவளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்கு அம்மா என்றால் காசம்மாள். “மூஞ்சிதான் ஒண்ணு. ரேகை வேற. வயித்துல இருக்கும்போதே வேற வேறயா ஆயிடுமாம். மாட்டுனா அவ வாழ்க்கையும் போயிடும்.”

உஷாராணி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே வயிற்றுக்குள்ளேயே ஆளுக்கொரு தினுசாகிவிட்டதுகள். அது போதாதென்று நானும் பிரித்தேனே என்று நெஞ்சு எரிந்தது.

மைதானத்து வாசலில் வண்டி நின்றது. சித்ரா இறங்கி, மூச்சை உள்ளே இழுத்து நிமிர்ந்தபடி நடந்து போனாள். உஷாராணி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சித்ரா செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“எவ்ளோடி?”

“ரெண்டு தடவ அளந்தாங்க. அரை ஏறியிருந்துச்சு. இன்னும் ஒண்ணு பத்தல.”

திரும்பும்போதும் உஷாராணி பழக்கத்தில் பாயை விரித்தாள். சித்ரா அதில் படுக்கவில்லை. வண்டிப் பலகையில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தவளக்குப்பம் தாண்டியது. பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

“ஏம்மா, அன்னிக்கி அத்தை வந்து கேட்டப்ப, என்னைக் குடுத்திருக்கலாம்ல?”

நீதான் பிழைப்பேன்னு நெனைச்சேன்டி என்று சொல்ல வாயெடுத்த உஷாராணி, விரித்த பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

முன்னால் ஒரு வேகத்தடை தெரிந்தது. அன்புராஜ் காலையில் செய்தது போலவே வண்டியை மெதுவாக்கினான்.

“வேகமாவே போ மாமா” என்றாள் சித்ரா.