மூத்தவளுக்கு வந்த நடுக்கம்

“ஏட்டி, மேடு வருது. பைய ஏறு.”

வேகத்தடைக்கு ஐம்பதடி முன்னாலேயே லிங்கராஜ் குரல் கொடுத்துவிடுவார். வண்டிக்குள் அவரைத் தவிர ஈ காக்காய் இருக்காது. பேச்சு வண்டியோடுதான். அந்த வெள்ளை பிக்கப் அவருக்கு மூத்த பிள்ளை. அது வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் மகள் இந்துஜா பிறந்தாள். ஆகவே அவள் இளையவள். கூடப்பிறந்தவர் யாரென்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, ‘ஒரு அக்கா, டீசல் குடிப்பாள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கோவில்பட்டி வெயில் ஊரறிந்தது. வேப்பமரத்து நிழல் நகர நகர, லிங்கராஜும் நாலு தடவை வண்டியை நகர்த்தி நிறுத்துவார். அவருடைய பைக் பாட்டுக்கு வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கும். கரிசல் சகதி டயரில் அப்பிவிட்டால் குச்சியால் சுரண்டமாட்டார், விரலால்தான் வழித்தெடுப்பார். கேட்டால், “அவளுக்குக் கூசும்லா,” என்பார்.

இப்படிப்பட்டவளுக்கு ஆறு மாதமாக ஒரு நடுக்கம். ஐம்பதுக்கு மேல் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் வெடவெடக்கும், பெடல் காலைத் திருப்பி உதைக்கும். லிங்கராஜின் பிழைப்போ முட்டை லோடு. குளத்தூர்ப் பக்கத்துப் பண்ணையில் ஏற்றி, கோவில்பட்டியில் வியாபாரி பிச்சை முகம்மது சரக்கு வைக்கும் கிட்டங்கியில் இறக்க வேண்டும். நடுக்கத்துக்குப் பயந்து அவர் விட்டு விட்டு மிதிக்க, பின்னால் அட்டை அட்டையாக முட்டை முன்னும் பின்னும் ஆடிச் சரிந்துவிடும்.

பிச்சை முகம்மது கோபப்படத் தெரியாதவர். ஒழுகுகிற அட்டையைத் தூக்கிக் காட்டி, “லிங்கராஜு, நான் முட்டை யாவாரம் பண்ணுதேன். ஆம்லெட்டு யாவாரம் இல்ல,” என்றார். “வார வெள்ளிக்கிழமையும் இப்படி ஒழுகுச்சின்னா வேற வண்டி பாத்துக்கிடுதேன். மனசுல வச்சுக்கிடாத.”

மனசில் வைக்காமல் எங்கே வைப்பது? வாரத்தில் ஆறு நாள் சோறு போடுகிற லோடு அது. லிங்கராஜ் வண்டியை நேரே மெக்கானிக்கிடம் விட்டார்.

“டிஸ்க் கோணியிருக்கு அண்ணாச்சி,” என்றார் மெக்கானிக் ஹக்கீம். முன்சக்கரத்துக்கு உள்ளே கூடவே சுற்றும் இரும்புத் தட்டு அது. பிரேக் அதைக் கவ்விப் பிடித்துத்தான் வண்டியை நிறுத்துகிறது. இரண்டு தடவை கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவியாயிற்று. இரண்டு தடவையும் ஒரே மாதத்தில் நடுக்கம் திரும்பிவிட்டது. “இனியும் சீவினா அப்பளமாப் போயிரும். மதுரையில தடிச்ச டிஸ்க் இருக்கு, மூஞ்சியில கீறல் போட்டு வரும், சூட்டைத் தாங்கும். ரெண்டு வாங்கிட்டு வாங்க.”

மதுரையில் வாங்கிய இரண்டு டிஸ்க்கையும் லிங்கராஜ் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வந்தார். கனத்தில் தொடை மரத்துப்போனது. “என்னண்ணே, சீர்வரிசைத் தட்டா?” என்றார் கண்டக்டர். “ஆமா, மூத்தவளுக்கு,” என்றார் லிங்கராஜ். பொய் இல்லையே.

வியாழக்கிழமை மதியம் மாட்டி முடித்தார்கள். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோலப் பிரேக்கும் பழக வேண்டுமாம். எட்டயபுரம் ரோட்டில் அறுபதில் போய்ப் பத்துக்கு இறக்குங்க, மறுபடி அறுபது, மறுபடி பத்து என்றார் ஹக்கீம். முதல் மிதியில் லிங்கராஜ் பல்லைக் கடித்துக் கண்ணையும் மூடப் பார்த்தார். ஸ்டியரிங் அசையவில்லை. இரண்டாம் மிதியில் சிரித்தார். ஐந்தாவதில் ஹக்கீமின் தொடையில் ஓங்கி அடித்தார். பத்துத் தடவை போதும் என்றவரையும் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு தடவை மிதித்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, “ரோட்டுல எதையும் தொலைச்சிட்டீங்களாய்யா?” என்று கேட்டே விட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் டீ குடிக்க ஹக்கீமையும் வீட்டுக்கு இழுத்துப் போனார். வாசலில் மனைவி சுதாராணி ஒரு குடம் தண்ணீரோடு நின்றாள். லிங்கராஜ் அதை வாங்கி நேரே முன்சக்கரத்தில் சாய்க்கப் போனார். ஹக்கீம் பாய்ந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க?”

“கால் கழுவி விடுதேன்.”

“யாருக்கு?”

“இவளுக்குத்தான். வெளிய போயிட்டு வாரவ கால் கழுவாம வீட்டுக்குள்ள வருவாளா?”

ஹக்கீம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. “தெனமுமா? வந்த சூட்டோடவா? அடுப்புல இருந்து எறக்கின வாணலியை அப்பமே குழாயில காமிச்சா அடி கோணாதா அண்ணாச்சி? ஆறு மாசமா நான் சீவுதேன், நீங்க கோணலாக்குதீங்க.”

“வீட்டுல அடி கோணின வாணலி மூணு கெடக்கு பாய்,” என்றாள் சுதாராணி. “இவிய அடுக்களைக்கு ஒத்தாசைக்கு வந்த அன்னைக்குக் கோணினது.”

லிங்கராஜ் சிரிக்கவில்லை. பெற்றவனே பிள்ளைக்குச் சூனியம் வைத்ததுபோல ஆகிவிட்டது அவருக்கு. அன்றைக்கு டீயை ஆறவிட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை. முட்டை லோடோடு எட்டயபுரம் தாண்டி வரும்போது, ஓர் எருமை ரோட்டை அளப்பதுபோல் குறுக்கே வந்து நின்றது. லிங்கராஜ் ஒரே சீராக மிதித்தார். மூத்தவள் பதறாமல் நின்றாள். எருமையும் வண்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கிட்டங்கியில் பிச்சை முகம்மது அடி அட்டைக்குக் கீழே விரலை ஓட்டி, மோந்து பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. “நாளையில இருந்து அம்பது அட்டை கூட ஏத்திக்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீடு வரைக்கும் லிங்கராஜ் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

வீட்டில் சுதாராணி குடத்தை ஒளித்து வைத்துவிட்டிருந்தாள். முன்சக்கரத்திலிருந்து அனல் அடித்தது. லிங்கராஜ் குழாயைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, சக்கரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாக விசிறத் தொடங்கினார். வலது பக்கம் சூடு தணிந்ததும் எழுந்து, இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.