பேச்சு போனவர் பாடினார்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்ல நிற்கிறேன். மனுஷர் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்களின் அவசரகாலம் வந்து, ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலைக்குப் போகும்போது கேட்டில் பெயர் சொல்லி, சோதனைக்குக் கை தூக்க வேண்டும். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது, காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடுமாம். அந்த நேரத்தில்தான் காய்ந்த ரப்பர் கிளை என் வீட்டுக்காரர் தேவசகாயத்தின் தலையில் விழுந்தது. உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. என் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கீர்த்தனை பாடியபோது, அவர் வாயிலிருந்து வார்த்தை பிசகாமல் பாட்டு வந்தது! முதலில் கட்டிப்பிடித்து அழுதவர் என் கூடப்பிறந்த ஆசீர்வாதம் அண்ணன், தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர். வாராவாரம் எங்கள் வீட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தவரும் அவர்தான்.

ரப்பர் இலை கொட்டும் மாதத்தில் போலீஸ் வந்து என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றியது. காட்டுக்கு அரிசி கொடுத்தாராம். ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"அவருக்குப் பேச வராதுங்கய்யா!"

அங்கிருந்த தமிழ்ப் போலீஸ்காரர் சிரித்தார். "சும்மா நடிக்காத லா. கோயில்ல முழுப் பாட்டும் பாடுறானாமே? உங்க அண்ணன்தான் சொன்னாரு."

அந்தப் பாட்டையா காட்டிக்கொடுத்தாய், பாவி!

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். "ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?"

"யாரையாச்சும் காட்டிக்குடுன்னு போலீஸ்ல கழுத்தப் புடிச்சாங்க தங்கச்சி. இவன்னா... திருப்பி எதுவும் சொல்ல மாட்டான்னு..."

ஊமை என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறார். கூட முழங்கால் போட்டவர்!

என் வீட்டுக்காரரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்தில் பேசினார்கள். அன்று நான் செய்தது ஜெபமில்லை, ஆண்டவரோடு சண்டை. "ஒரே ஒரு வார்த்தை கொடும், அவர் தன் பெயரைச் சொல்லட்டும்" என்று கதறினேன். ஆண்டவர் அதைக் கொடுக்கவில்லை.

ஒரு டாக்டரை அனுப்பினார். டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த மலையாளி. தலையில் அடிபட்டுப் பேச்சும் நினைவும் கெட்டவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மாதாமாதம் என் வீட்டுக்காரரிடம் சாவி, சீப்பு, கோப்பை காட்டிப் பெயர் கேட்பார். மருந்து தராமல் இதென்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த மாதம் நாங்கள் வரவில்லை என்று தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் முன்னால் கோப்பையைக் காட்டினார். என் வீட்டுக்காரருக்கு அதன் பெயர் வரவில்லை. என்னைப் பாடச் சொன்னார். நான் எடுத்துக்கொடுத்ததும் என் வீட்டுக்காரர் கூடவே பாடினார். பாதியில் டாக்டர் கை காட்டி நிறுத்தினார்.

"இப்ப அடுத்த வார்த்தைய மட்டும் சொல்லுங்க."

உதடு துடித்தது. கண்ணீர் கொட்டியது. சொல்ல முடியவில்லை. முதலிலிருந்து எடுத்தோம், அந்த வார்த்தை தானாக வந்தது.

"மூளையில பேசற இடம் வேற, பாடற இடம் வேற. இவருக்கு அடிபட்டது பேசற இடம். இது நடிப்பில்லை" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். ஸ்தோத்திரம்!

பேச்சு இன்றும் வரவில்லை. அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அதற்கும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். சொந்தமே கைவிட்டதென்று அழுகிறவர்கள் இங்கே இருந்தால், ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கேட்டதைத் தராவிட்டாலும் வேண்டியதைத் தருவார்.

போன ஞாயிறு அண்ணன் பாட்டு எடுத்தார். நான் வாய் திறக்கவில்லை. எல்லாம் தெரிந்த என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று பாடினார். பாதியில் நின்றுபோனது அண்ணனின் குரல்தான்.