கப்பக்காரர் என்ன ஆளு?

அக்கம்மாளுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது நேமத்தான்பட்டியில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"மாப்பிள்ளை என்ன ஆளு?"

"ஆம்பளை ஆளு" என்றாள் அக்கம்மாள்.

அதற்கு மேல் சொல்ல அவளிடமும் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை தங்கச்சாமி, ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் ரங்கூனிலிருந்து நடந்து வந்த கூட்டத்தோடு கூட்டமாகப் பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்தவர். ரங்கூனிலேயே அநாதையாக வளர்ந்தவருக்குத் தாய் தகப்பன் யார், அவர்களுக்குச் சொந்த ஊர் எது, ஒன்றும் தெரியாது. பெயரே வழியில் யாரோ வைத்ததுதான். ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் பாத்திரம் கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, கடைசியில் கரண்டி பிடிக்கிற அளவுக்கு உயர்ந்திருந்தார். முகூர்த்த மாதங்களில் ஊர் ஊராக அடுப்போடு இருப்பார். மற்ற மாதங்களில் வீட்டில் தூக்கத்தோடு இருப்பார். இரண்டையும் மனசு ஒன்றிச் செய்வார்.

ஆகவே மற்ற மாதங்களுக்கு ஒரு கடை தேவைப்பட்டது. காரைக்குடியில் கண்டரமாணிக்கம் பஸ் திரும்புகிற முக்கில், ஒரு சின்ன ஊருணியின் வடகரையில், பத்தடிக்குப் பத்தடி கீற்றுக் கொட்டகை போட்டு, ஐம்பத்தேழில் அக்கம்மாள் குழிப்பணியாரமும் டீயும் விற்க ஆரம்பித்தாள். இடம் புறம்போக்கு. பக்கத்தில் யாரும் இல்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் கல்லில் இருந்தார். இடுப்பு உயரக் கல். அதில் ஓர் ஆள் நிற்கிறார். கையில் நீளமாக என்னமோ ஒன்று. காலடியில் வளைவாக என்னமோ ஒன்று. முகம் மழையிலும் மாடுகள் உரசியதிலும் தேய்ந்துவிட்டது. கீழே பழைய எழுத்து. 'கப்ப' என்பது வரை படிக்கலாம். அதற்குப் பிறகு எழுத்து இல்லை, கல்லே இல்லை. உடைந்துபோயிற்று.

ஊரில் அவருக்குக் கப்பக்காரர் என்று பெயர். இந்தப் பக்கத்துப் பேச்சில் கப்பல் என்று நாக்கை மடிக்கிற வழக்கம் கிடையாது. 'கப்ப ஏறிப் போனாக' என்றால் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போனார்கள் என்று அர்த்தம். எனவே கப்பக்காரர் என்றால் கப்பல்காரர். யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படும் அளவுக்கு யாரும் அவரைக் கவனிக்கவும் இல்லை. அக்கம்மாள் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் ஓர் அகல் விளக்கை அவர் முன்னால் வைப்பாள். ஏன் என்று கேட்டால், "வாசல்ல ஒருத்தரு நிக்கிறாரு. கண்டுக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பாள்.

அவளுடைய கடைக்கு ஒரு பெருமை உண்டு. வருகிறவர்களை 'என்ன ஆளு' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அக்கம்மாள் கேட்பது 'எத்தனை ஆளு' என்றுதான். ஆளுக்கு ஏழு பணியாரம், ஒரு கரண்டி காரச் சட்னி. மகள் பொன்னுத்தாயியை அந்தக் குழிச்சட்டியை வைத்தே எஸ்.எஸ்.எல்.சி. கடத்தி, தேவகோட்டையில் வாத்தியார் பயிற்சிக்குச் சேர்த்திருந்தாள். இரண்டு வருஷப் படிப்பு. முதல் வருஷம் நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கப்பக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. அதாவது அக்கம்மாளுக்குக் கெட்ட காலம்.

சென்னைக் கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் எழுந்த பிறகு, எங்கள் ஊருக்கு யார் சிலை என்ற கவலை ஒவ்வொரு ஊருக்கும் வந்துவிட்டிருந்தது. ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேச வந்த வெளியூர்த் தமிழாசிரியர் ஒருவர், விழாவுக்கு முன் பணியாரம் சாப்பிட வந்தவர், கல்லைப் பார்த்தார். கையில் இருப்பது துடுப்பு, காலடியில் இருப்பது தோணி, 'கப்ப' என்பது கப்பற்படை என்று மூன்று வாய் பணியாரத்துக்குள் முடிவு செய்தார். மேடையில் ஏறியபோது கப்பக்காரர் கடாரத்துக்குக் கப்பற்படை நடத்திப் போன தளபதி ஆகியிருந்தார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. தமிழாசிரியர் அன்று மாலை பஸ்ஸிலேயே போய்விட்டார். அவர் விட்டுப்போன தளபதி மட்டும் ஊரில் இருந்தார்.

மறுநாள் காலை கேள்வி பிறந்தது. தளபதி என்ன ஆளு?

ஊருணிக்கு மேல்கரைக்காரர்கள், கீழ்கரைக்காரர்கள் என்று இரண்டு தரப்பு. இரண்டு தரப்புக்கும் வேறு பெயர்கள் உண்டு. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகைகள் இரண்டை வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம், பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் இருக்கும்.

மேல்கரைக்கு உடையப்பன் தலைவர். நெல் அரைக்கும் மில் வைத்திருந்தவர். கடலை ஒரே ஒரு தடவை, அதுவும் தொண்டியில், பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடி பார்த்தவர். கீழ்கரைக்குச் செம்மலை. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் கடலைப் பார்த்ததே இல்லை, ஆனால் அதைப் பற்றிய கோப்பு ஒன்று அவர் மேஜை வழியாகப் போயிருக்கிறது.

"மீசையப் பாருங்கய்யா" என்றார் உடையப்பன், கல்லைக் காட்டி. "இப்படி முறுக்கி விடுற மீசை எங்க ஆளுகளுக்கு மட்டும்தான் உண்டு. எங்க பாட்டனார் அச்சு அசலா இப்படித்தான்."

அந்த மீசை, அக்கம்மாள் பன்னிரண்டு வருஷமாக ஏற்றிய விளக்கின் புகை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"மீசையை விடுங்க, மூக்கைப் பாருங்க" என்றார் செம்மலை. "அகலமா, அமர்த்தலா. எங்க கரையில எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போயி எண்ணிப் பாத்துக்கங்க."

"மூக்கே இல்லையேய்யா, தேஞ்சுல்ல போச்சு!"

"தேஞ்சே இம்புட்டு அகலம்னா, தேயிறதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்?"

ஒரு வருஷத்துக்கு இது ஓடியது. மேல்கரையில் 'அலைவென்றான் பேரவை', கீழ்கரையில் 'திரைகடல் தளபதி மன்றம்'. மேல்கரைக்காரர்கள் பொங்கலுக்குக் கல்லின் தலையில் தலைப்பாகை கட்டினார்கள். கீழ்கரைக்காரர்கள் அதை அவிழ்த்துத் துண்டாகத் தோளில் போட்டார்கள். அக்கம்மாள் இரண்டு தரப்புக்கும் பணியாரம் ஊற்றினாள். வீரம் பேசுகிற வாய்க்குக் காரச் சட்னி நிறையவே தேவைப்பட்டது.

நடுவில் மெய்யநாதன் வேறு. தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் ஸ்டாம்பு சத்தம் இல்லாமல் பொழுது போகாததால் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்கென்னமோ இவரு தமிழரே இல்லைன்னு தோணுது. சாவகத்துக்காரரா, அதான் ஜாவாக்காரரா இருக்கலாம். அங்கேயிருந்து இங்குட்டு வந்து இறங்கினவங்க நெறைய உண்டு" என்றார். அன்று ஒரு நாள் மட்டும் இரண்டு கரையும் ஒன்று சேர்ந்தது. மெய்யநாதனை எழுப்பி வீடு வரைக்கும் கொண்டுபோய்விட்டு, இனிமேல் இந்தப் பக்கம் சரித்திரத்தோடு வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். டீயை அவர் பாதிதான் குடித்திருந்தார்.

இப்படி ஒரு தடவை ஒன்று சேர்ந்து ருசி கண்டதாலோ என்னவோ, அடுத்த மாதம் சமாதானம் ஆனார்கள். இருவரும் சேர்ந்து கப்பக்காரருக்கு மண்டபம் கட்டுவது. என்ன ஆளு என்று கல்வெட்டில் போடுவதைப் பிறகு பேசிக்கொள்வது. மண்டபம் பத்தடிக்குப் பத்தடி.

"முதல்ல இடத்தைச் சுத்தம் பண்ணிருவோம்" என்றார் உடையப்பன்.

"ஆமா, சுத்தம் பண்ணிருவோம்" என்றார் செம்மலை.

ஒரு வருஷத்தில் இருவரும் மனமொத்துச் சொன்ன ஒரே வாக்கியம் அது. சுத்தம் பண்ண அங்கே இருந்தது அக்கம்மாள் கடை ஒன்றுதான். மேல்கரையிலிருந்து ஒரு வண்டிச் செங்கல் வந்தது. கீழ்கரை சும்மா இருக்குமா, ஒன்றரை வண்டி இறக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையைப் பிரிப்பதாக முடிவு.

சனிக்கிழமை தேவகோட்டையிலிருந்து வந்த பொன்னுத்தாயி செங்கலைப் பார்த்தாள்.

"அம்மா, நான் படிப்பை நிறுத்திரட்டுமா?"

"எதுக்கு?"

"கடை போயிருமே."

"கடை இன்னும் போகலையே. நீ போயி பரிட்சைக்குப் படி" என்றாள் அக்கம்மாள். சொல்லிவிட்டு வழக்கத்தை விட இரண்டு படி அதிகம் அரிசி ஊறப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கரையும் வந்தது. கடப்பாறை, அரிவாள், கயிறு எல்லாம் வந்தன. வேடிக்கை பார்க்க மெய்யநாதனும் வந்து தூரத்தில் நின்றார்.

"வாங்கய்யா, வாங்க. எத்தனை ஆளு?" என்றாள் அக்கம்மாள்.

"நாங்க சாப்பிட வரலை ஆத்தா" என்றார் உடையப்பன், சட்டியைப் பார்த்துக்கொண்டே.

"பிரிக்கிறதுக்குத்தானே வந்திருக்கீக? சாப்பிட்டுப் பிரிங்க. மாவு வீணாப் போகும்ல."

நியாயமான பேச்சு. உட்கார்ந்தார்கள். இரண்டாவது ஈடு விழுங்குகிற நேரத்தில், சட்னியை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏன்யா, எனக்கு ஒரு சந்தேகம். கப்பக்காரருன்னா கப்ப ஓட்டுனவருதானா? எங்க மாமியா வேற மாதிரில்ல சொல்லும்."

"என்ன சொல்லும்?"

"கப்பம் வாங்குனவருன்னு சொல்லும். ராசாவுக்கு வரி தண்ட வந்தவராம். விளைஞ்சதுல பாதிய அளந்துக்கிட்டுப் போயிருவாராம். குடுக்காதவுக வீட்டு நிலைக்கதவைப் பேத்து எடுத்துருவாராம். கையில இருக்கிறது அளவுகோலாம். கால்மாட்டுல இருக்கிறது தோணி இல்லையாம், நெல்லு அள்ளுற கூடையாம்."

மூன்று பேர் எழுந்து கல்லருகே போனார்கள். கையில் இருந்தது துடுப்பு போலத்தான் இருந்தது. கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தால் அளவுகோல் போலவும் இருந்தது. தோணி, கூடை ஆவதற்குத் தலையைச் சாய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எழுத்தோ 'கப்ப' என்று ஆரம்பித்து, 'ல்'லும் போட்டுக்கொள், 'ம்'மும் போட்டுக்கொள் என்று உடைந்து கிடந்தது.

உடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் மில்லுக்கு அந்த வருஷம்தான் வரி அதிகாரிகள் இரண்டு தடவை வந்து போயிருந்தார்கள்.

"செம்மலை, நான் அப்பவே நினைச்சேன். நீங்க சொன்னது சரிதான். மூக்கைப் பாத்தா உங்க ஆளு மாதிரித்தான் தெரியுது."

"ஏங்க, மீசை உங்க பாட்டனாரு மாதிரி அச்சு அசலா இருக்குன்னீகளே!"

"எங்க பாட்டனாருக்கு மீசையே கிடையாதுய்யா!"

"எங்க கரையில நெலமே யாருக்கும் இருந்ததில்லை. வரி குடுக்கவே வக்கில்லாதவங்க, வரி எங்க போயி வாங்குறது? இது உங்க ஆளுதான்."

"அரசாங்க வேலை பாக்குறது யாரு, நானா நீங்களா?"

கை கலக்கும் போலிருந்தது. அந்த நேரத்தில் செம்மலை திரும்பிப் பார்த்தார். தூரத்தில் மெய்யநாதன்.

"சார், அன்னிக்கு என்னமோ சொன்னீகளே, சாவகம்னு..."

"சொன்னேன். வீட்டுல கொண்டுபோய் விட்டீங்க."

"அது கெடக்கட்டும் சார். இங்குட்டு வாங்க, உக்காருங்க. அக்கம்மா, சாருக்கு டீ! அந்த சாவகத்துச் சமாச்சாரத்தை முழுசாச் சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கப்பக்காரர் நம் ஆள் இல்லை என்று இரண்டு கரையும் ஏகமனதாக முடிவு செய்தது. தளபதியாக இருந்தபோது ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்த மனிதரை, வரி வாங்குகிறவர் என்றதும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அன்னியருக்கு மண்டபம் எதற்கு? கடப்பாறைகள் வந்த வழியே திரும்பின. பேரவை என்றும் மன்றம் என்றும் இருந்த பலகைகள் ஒரு வாரத்தில் காணாமல் போயின.

செங்கல் மட்டும் கிடந்தது. அக்கம்மாள் முறையாக இரண்டு கரைக்கும் போய்க் கேட்டாள்.

"அய்யா, உங்க செங்கலு கெடக்கு. எடுத்துக்கிறீகளா?"

"எங்க செங்கலா? இல்லவே இல்லை. கீழ்கரையில கேளு" என்றார் உடையப்பன்.

"அது மேல்கரைச் செங்கல்" என்றார் செம்மலை.

செங்கலை உரிமை கொண்டாடினால் வரி தண்டியவரையும் சேர்த்து உரிமை கொண்டாட வேண்டியிருக்குமே! ஆக, எழுபத்தொன்றில் அக்கம்மாள் கடைக்குச் சுவர் வந்தது. இரண்டரை வண்டிச் செங்கல். முகூர்த்தமில்லாத மாதமாகப் பார்த்துத் தங்கச்சாமியை எழுப்பி மண் குழைக்க வைத்தாள். அதே வருஷம் பொன்னுத்தாயி படிப்பை முடித்தாள். இப்போது ஆரம்பப் பள்ளியில் டீச்சர். 'க' சொல்லிக் கொடுக்கும்போது கப்பல் படம்தான் போடுகிறாளாம்.

சுவர் எழும்பிய வாரம், மெய்யநாதன் டீயை இந்த முறை முழுசாகக் குடித்துவிட்டுக் கேட்டார். தபால்காரர் இல்லையா, முகவரி தப்பாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏத்தா அக்கம்மா, தங்கச்சாமி தாய் தகப்பன் இல்லாமத்தானே ரங்கூன்லேர்ந்து நடந்து வந்தான்? உனக்கேது மாமியா?"

அக்கம்மாள் கப்பக்காரருக்கு விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினாள். மீசையில் புதுப் புகை ஏறிக்கொண்டிருந்தது.

"இருந்திருந்தா அப்படித்தானே சார் சொல்லியிருக்கும்?" என்றாள்.