பிரேக் அக்காவின் வலது கால்

நாற்பத்து மூணு வயதில் பைலட் ஆகப் போகிறேன் என்று ஒரு பஸ் டிரைவர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். டிப்போவில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "அக்கா, மேல போனா எங்களுக்கு ஹாரன் அடிங்க" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் டிக்கெட் யார் கிழிப்பார்கள் என்று கேட்டான். சிரித்தவர்கள் எல்லாம் ஒன்றை மறந்துபோனார்கள். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டி ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிக்காதவள் அந்த டிப்போவில் அவள் ஒருத்திதான். பிரேக் அக்கா என்று பேர் வைத்ததும் அவர்களேதான். அவள் பிரேக் போட்டால், நின்றுகொண்டு காபி குடிப்பவன் சட்டையில் ஒரு சொட்டு சிந்தாது.

விமானக் கம்பெனி ஒன்று விளம்பரம் போட்டது. வேறு வேலையில் இருப்பவர்கள் வரலாம், நாற்பத்தைந்து வயது வரைக்கும் பரவாயில்லை, நாங்களே சொல்லித் தருகிறோம் என்று. எழுதிப் போட்டாள். கண் பார்வை, கணக்கு, காது, இருதயம், எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்தார்கள். தேறிவிட்டாள்! பஸ் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு வருஷம் சின்ன விமானத்தில் பழகி லைசென்சும் வாங்கினாள். கல்லூரிக்குப் போகிற மகள்தான் ராத்திரியும் பகலுமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். தையல்கார வீட்டுக்காரர் சமையலைப் பார்த்துக்கொண்டார். அவர் வைத்த குழம்பை இரண்டு வருஷம் வாய் திறக்காமல் தின்றதற்கே அவளுக்கு ஒரு பதக்கம் தரலாம்.

எல்லாம் சரியாகத்தான் போனது, பெரிய விமானத்துக்கு வருகிறவரை.

பெரிய விமானத்தை முதலில் சிமுலேட்டர் என்கிற பெட்டியில்தான் கற்றுத் தருவார்கள். உள்ளே அச்சு அசல் விமானி அறை, கண்ணாடிக்கு வெளியே திரையில் ஓடுபாதை. பெட்டி முழுவதும் குலுங்கும், சாயும். ஓடுபாதையில் வேகம் ஏற ஏறப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு இடத்தில் "வி-ஒன்" என்று குரல் கொடுப்பார். அதற்கு முன்னால் இன்ஜின் போனால் நிறுத்த வேண்டும். அதற்குப் பின்னால் போனால் நிறுத்தவே கூடாது, மிச்சமிருக்கிற பாதை போதாது, ஒற்றை இன்ஜினோடு மேலே போய்த்தான் ஆக வேண்டும். அதனால்தான் அந்தக் குரல் வந்ததும் பவர் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். லீவரை இழுத்து நிறுத்திவிடலாம் என்று கைக்கு ஆசை வரக் கூடாதாம்.

கையை எடுத்துவிட்டாள். காலை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

இடது இன்ஜின் போனால் மூக்கு இடது பக்கம் இழுக்கும். குதிகாலைத் தரையில் ஊன்றி வலது பெடலைத் தள்ளி நேராக்க வேண்டும். அதே பெடலின் தலையை முன்பாதத்தால் மிதித்தால் அது பிரேக். பஸ்காரிக்கு வலது கால் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? முதல் தேர்வில் "வி-ஒன்" வந்தது, இன்ஜின் போனது, கால் எகிறிப்போய் பிரேக்கில் விழுந்தது. விமானம் பாதை தாண்டி வேலியில் போய்ச் செருகியது. திரை சிவப்பாகி நின்றது. இரண்டாவது தேர்விலும் அதே கதை.

தேர்வு வைத்த கேப்டன் அவளைவிட ஆறு வயது சின்னவர். மரியாதையானவர், அதுதான் இன்னும் வலித்தது. "மேடம், நூத்தி எழுபது பேர் உள்ள இருக்காங்க. நீங்க நிறுத்தினா அத்தனை பேரும் போச்சு. இன்னும் ஒரு தடவைதான் மேடம். பதினாறு நாள் டைம்."

"அதுலயும் தப்பு பண்ணா சார்?"

"அதோட முடிஞ்சுது மேடம். கம்பெனி விதி."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி அந்த வலது காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட கால். எது நடந்தாலும் நிறுத்து, அப்புறம் யோசி என்று அவளே வளர்த்த கால். அதை இப்போது பதினாறு நாளில் மாற்றியாக வேண்டும். முடியாவிட்டால் விமானமும் இல்லை, விட்டுவந்த பஸ்ஸும் இல்லை.

வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். நாற்காலிக்கு முன்னால் இரண்டு பழைய தையல் மிஷின் பெடலைச் சுவரில் சாய்த்துக் கட்டினார். பவர் லீவருக்கு ஒரு கரண்டி. அவள் கரண்டியைப் பிடித்து உட்கார, அவர் பக்கத்தில் நின்று மெல்ல எண்ணுவார். "வி-ஒன்!" என்பார். அவள் கையை எடுப்பாள். உடனே தட்டில் கத்தரிக்கோலால் டமார் என்று ஒரு அடி. "இடது போச்சு!" அவள் குதிகாலை ஊன்றி வலதைத் தள்ளுவாள். முன்பாதம் துளி அசைந்தாலும் ஸ்கேலால் கணுக்காலில் ஒன்று வைப்பார்.

"அடிச்சு சாவடிக்கிறீங்களே!"

"கால்தானே அடி வாங்குது. நீ ஏன் கத்துற?"

முதல் நாள் சிரித்தார்கள். அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. எண்ணிக்கை, வி-ஒன், டமார். எண்ணிக்கை, வி-ஒன், டமார். கணுக்கால் வீங்கிவிட்டது. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, போதும்மா, பார்க்க முடியல" என்று அழுதாள். "எனக்கு மட்டும் முடியுதா? போடி உள்ள" என்று எரிந்து விழுந்தாள் இவள். பன்னிரண்டாம் நாள் கால் அடங்கியது. டமார் என்றால் குதிகால் தானாக ஊன்றிக்கொண்டது. வீட்டுக்காரர் ஸ்கேலை வைத்துவிட்டு அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது தேர்வு காலை எட்டு மணிக்கு. ஓடுபாதை, வேகம், "வி-ஒன்", கை எழுந்தது. இன்ஜின் போனது. குதிகால் ஊன்றியது. மூக்கு ஒரு இம்மிகூட விலகவில்லை. விமானம் ஒற்றை இன்ஜினில் அழகாக மேலேறியது. "ரொம்ப நல்லா இருந்துது மேடம்" என்றார் கேப்டன். ஐயோ, செய்துவிட்டோம்! வீட்டுக்குப் போனதும் அந்தப் பெடலை எடுத்துத் தெருவில் எறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு டேக் ஆஃப் மேடம். அதோட முடிஞ்சுது."

மறுபடியும் ஓடுபாதை. வேகம் எண்பது, தொண்ணூறு. டமார்!

கரண்டியை விட்ட மாதிரி கை லீவரை விட்டுவிட்டது. குதிகால் ஊன்றியது. பெடலைத் தள்ளியது. நேராக, பதறாமல், கச்சிதமாக விமானம் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இன்ஜின் ஃபெயில்" என்றார். ஏன் பார்க்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஓடுபாதை பாதி தீர்ந்த பிறகுதான் உறைத்தது. வி-ஒன் இன்னும் வரவே இல்லை. நிறுத்து, நிறுத்து என்று தலைக்குள் கத்தினாள். கால் கேட்கவில்லை. கடைசி விளக்குகள் வந்தன, வேலி வந்தது, திரை சிவந்தது.

பெட்டி குலுங்கி அடங்கியது.

"மேடம்," என்றார் கேப்டன், "இது சும்மா நிறுத்த வேண்டியதுதானே. உங்களுக்கு இது கஷ்டமா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

பதினாறு நாளில் நாலாயிரம் தடவைக்கு மேல் பழகியிருப்பார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, வி-ஒன்னுக்கு முன்னால் அந்த மனுஷன் தட்டில் அடித்ததில்லை. அடிக்கச் சொல்லி அவளும் கேட்டதில்லை. நிறுத்துவதற்குப் பிரேக் அக்காவுக்கு எதற்குப் பயிற்சி என்று இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள். யாரை நொந்துகொள்வது? கம்பெனி தந்திருந்த அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், வெளியே வந்தாள். வீட்டுக்காரர் நாலு தடவை போன் பண்ணியிருந்தார். எடுக்கவில்லை.

பஸ் வந்தது. ஏறினாள். ஓட்டுகிறவன் பழைய டிப்போ பையன், கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அட, பிரேக் அக்கா! கேப்டன் ஆயாச்சா? ஸ்வீட் எங்கக்கா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஓட்டுடா, ரோட்டைப் பாரு" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். சைக்கிள்காரன் ஒருத்தன் கையும் காட்டாமல் குறுக்கே திரும்பினான். பையன் பார்ப்பதற்கு முன்னால் அவள் கால் பார்த்துவிட்டது. முன்பாதம் பலகைத் தரையில் தொம்மென்று விழுந்தது. ஒரு நொடி கழித்துத்தான் பையன் பிரேக் போட்டான். எல்லோரும் முன்னால் போய் மோதிக்கொண்டார்கள். சைக்கிள்காரன் தப்பித்தான்.

அவள் குனிந்து காலைப் பார்த்தாள்.

"சனியனே," என்றாள் வாய்விட்டு, "ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி எங்கடி போயிருந்த?"

பக்கத்து சீட்டு அம்மா தன்னைத்தான் திட்டுகிறாள் என்று எழுந்து பின்னால் போய்விட்டாள். காலியான சீட்டில் கைப்பையை வைத்து, அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அக்கா, அடி பட்டுடுச்சா? அக்கா?" என்று முன்னாலிருந்து பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.