சித்தப்பாவின் ஏழு தம்

சேக்காட்டில் எங்கள் தெருக்காரர்களுக்கு மலையேறிப் பழக்கமில்லை. ஏரிக்கரை மேல் ஏறி இறங்குவதே பெரிய காரியம். அப்படிப்பட்டவர்களை, புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூண்டிக்கு அப்பாலுள்ள குன்றுகளுக்கு நடுவே நடந்துபோய் ஒரு குகையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளப்பிவிட்டவர் சித்தப்பா. வேனுக்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பதினைந்தாவதாக நான் ஏறுவேனா என்பதில்தான் சிக்கல்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, வீசிங் வேறு. ஆனி மாதம்தான் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா விடுவதாயில்லை. "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று சித்தப்பா நாலு தடவை சொன்ன பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு தடவை மூச்சு வாங்கினாலும் நான் வேனுக்குத் திரும்பிவிட வேண்டும், அப்புறம் எந்தச் சுற்றுலாவுக்கும் வாயைத் திறக்கக் கூடாது. என்ன ஆனாலும் மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்வதில்லை என்று நான் வேனிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. ஓடையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். செம்மண் சேறு செருப்பை விடமாட்டேன் என்றது. முதல் ஏற்றத்திலேயே என் நெஞ்சுக்குள் விசில் கிளம்பிவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தேன். அப்போது சித்தப்பா நின்றார்.

"இருங்கப்பா, ஒரு தம் போட்டுக்கினு வந்துர்றேன்."

தம் என்றால் சிகரெட். அவர் ஒரு பாறைக்குப் பின்னால் போனார். எல்லோரும் அங்கங்கே உட்கார்ந்தார்கள், நானும்தான். அவர் ஏலக்காயை மென்றுகொண்டு திரும்பி வந்தபோது என் விசில் அடங்கியிருந்தது.

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் தம். அடுத்த ஏற்றத்தில் இன்னொன்று. எதிர்வீட்டு மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாபா, மலைய பாக்க வந்தியா, தம் அடிக்க வந்தியா?"

"இன்னா பண்றது மாமே, தம் இல்லாம காலு நவுர மாட்டேன்து."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. போகப்போக, இவரால்தான் நேரமாகிறது என்று எரிச்சல் வந்தது. விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். குகையை அடைந்தபோது கணக்கு ஏழு. மேலே பாறையில் தேன்கூடுகள் தொங்கின. வந்தவர்களில் பாதிப்பேர் புஸ்புஸ்ஸென்று இளைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கம்பீரமாக நின்றேன். பெரியவர்களின் லட்சணத்தைப் பற்றி அன்று எனக்கு மிகத் தாழ்வான அபிப்பிராயம்.

சாயங்காலம் சித்தி வீட்டில், ஒரு மாதப் புரட்டாசி விரதத்துக்குப் பிறகு மீன்குழம்பு. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் போட்டுக்கொடுத்தேன்.

"சித்தி, சித்தப்பா மலையில ஏழு தம் போட்டாரு!"

சித்தியின் கை கரண்டியோடு நின்றது. சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

"ஏழா? வெக்கமா இல்ல உனுக்கு? அம்மாம் பேரையும் நிக்க வெச்சிகினு!" என்று ஆரம்பித்த சித்தி, திட்டிக்கொண்டே சட்டியிலேயே பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். தப்பு செய்தவருக்குப் பெரிய துண்டு, கண்டுபிடித்துச் சொன்னவளுக்கு வால்! அந்த அநியாயத்தை நான் வெகுநாள் மறக்கவில்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள், பேச்சுவாக்கில் சித்தி சொன்னாள். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே சித்தப்பா சிகரெட்டை விட்டுவிட்டாராம். அந்த ஏலக்காய் அதற்காகத்தான். பாறைக்குப் பின்னால் மூச்சுத் திணறினால் நான் இழுக்கும் பஃப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் தோள் ஏறி இறங்குவது நிற்கும்வரை எட்டிப் பார்த்தபடி நின்றிருக்கிறார். கேட்டதும் அழுதுவிட்டேன். இந்த நன்றியை அவரிடம் நேராகச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஏழு தம் என்று நான் எண்ணியதில் பிழையில்லை. அவை யாருடையவை என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.