டெம்போவை நிறுத்தச் சொன்ன ஜமீலா அக்கா

ஜமீலா அக்கா இன்னைக்குக் காலைல போயிட்டாங்க.

தாம்பரம் பக்கத்துல எங்க ஹோமை ஆரம்பிச்சவங்க. மனநிலை சரியில்லன்னு சொந்தக்காரங்களே ரயில்வே ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போன பொம்பளைங்களுக்கு சோறும் இடமும் குடுத்த ஹோம். நான் அங்க அவங்ககூட பல வருஷம் வேலை பார்த்தேன்.

காலைலேர்ந்து ஃபேஸ்புக்ல ஆளாளுக்கு "தெய்வம்", "அன்னை"ன்னு போட்டுட்டு இருக்கீங்க. கூட வேலை பார்த்திருந்தா தெரியும்... அந்த மனுஷியை வச்சு மாளாது.

எண்பதுகள்ல ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு வாடகை வீடு. "நாலு பேர்தான்"னு சொல்லி எடுத்தது. அக்கா போற வர்றப்ப எல்லாம் யாரையாவது கூட்டிட்டு வந்துடுவாங்க.

ஓனர் ஒருநாள் வாசல்ல வந்து நின்னார். "யாரும்மா இவங்கல்லாம்?"

"எங்க சொந்தக்காரங்க சார்."

"போன வாரம் இவ்ளோ சொந்தம் இல்லையே?"

"இப்பதான் தெரிய வந்துச்சு."

நான் உள்ள தலையில அடிச்சுக்கிட்டேன். அந்த மாசமே காலி பண்ணச் சொல்லிட்டார்.

அலைஞ்சு திரிஞ்சு பெருங்களத்தூர்ல ஒரு வீடு பிடிச்சேன். சாமானோட டெம்போல போறோம், நல்ல மழை. பஸ் ஸ்டாப்ல ஒரு பெரியவர் நனைஞ்சுட்டு உக்காந்திருந்தார், கால்ல புண்ணு. அக்கா டெம்போவை நிறுத்தச் சொன்னாங்க.

"இன்னாக்கா, சாமானுக்கே எடம் இல்ல, ஆளு வேறயா?"ன்னார் டிரைவர்.

"அக்கா, இது லேடீஸ் ஹோம்"னு நான் கத்தறேன்.

"சரி சரி, அந்தக் குடத்தை மடியில வச்சுக்கோ. அவர் உக்காரட்டும்."

புது வீட்டுப் பின்பக்க ஷெட்ல அவரைப் படுக்க வச்சோம். கொஞ்ச நாள்ல அங்க இன்னும் ரெண்டு ஆம்பளைங்க. இப்போ போர்டுல "ஆண்கள் பிரிவு"ன்னு பெருசா எழுதியிருக்கே... அது எந்த மீட்டிங்லயும் முடிவானது இல்ல.

தொண்ணூறுகள்ல ஊர்க்காரர் ஒருத்தர் நிலம் குடுத்து, சொந்தக் கட்டடம் வந்துச்சு. பிளான்ல எனக்குன்னு ஒரு ஆபீஸ் ரூம், பெரிய ஜன்னலோட.

திறப்பு விழா அன்னைக்கு சீஃப் கெஸ்ட் வந்தாச்சு, மாலை வந்தாச்சு... அக்காவைக் காணோம். ரிப்பன் வெட்டி முடிச்சப்புறம் ஆட்டோல வந்து இறங்கினாங்க. கூட கைக்குழந்தையோட ஒரு சின்னப் பொண்ணு. போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருந்தாங்களாம்.

நேரா என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

"குழந்தைக்குக் காத்து வேணும்ல. நீ மாடிப்படிக்குக் கீழ சேர் போட்டுக்கோ."

ஒரு வாரம் அவங்ககூட நான் பேசலை. அப்புறம் அந்தப் பொண்ணு வாயைத் திறந்து முதல் தடவையா காபி கேட்டா. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க... சரி விடுங்க.

அந்த ரூம் இன்னமும் தாய் சேய் வார்டுதான். நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் மாடிப்படிக்குக் கீழதான்.

சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்க. அதுக்குள்ள முகம் பார்க்கணும்னு ஹோம்ல எல்லாரும் தலை வாரிட்டு வாசல்ல நிக்கறாங்க. அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ரெண்டு வேன் சொல்லியிருக்கேன். பத்தாது.

இனிமேலாவது ஒரு இடத்துல உக்காருங்க அக்கா.