இனித் தேவைப்படாத திருத்தம்

ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து மறுபடியும் நினைவூட்டல் வந்த காலையில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பினேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். என் மதிப்புரைக்காக ஒரு கட்டுரை மாதக்கணக்கில் காத்திருந்தது. எழுதியவள் என்னிடம் ஆய்வு செய்து பட்டம் வாங்கிய மாணவி. அந்தக் காரணத்துக்காகவே நான் அதை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. யார் படிக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள், அதுதான் வழக்கம்.

கட்டுரையின் விஷயம் இது. மூடிய கண்ணாடிக் குழாயில் கீழே திரவம், மேலே அதன் ஆவி, நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டில் மெல்லிய தோல் போல ஓர் இழுவிசை இருக்கிறது. சூடாக்கிக்கொண்டே போனால் திரவம் லேசாகும், ஆவி கனக்கும். மாறுநிலை வெப்பநிலையில் இரண்டும் ஒன்றாகிக் கோடு மறைந்துவிடும். மறைவதற்குச் சற்று முன் இழுவிசை எப்படிக் குறைகிறது? என் உத்தியோக காலம் முழுவதும் இந்தக் கேள்விதான். அங்கே அடர்த்தி ஓயாமல் நடுங்குகிறது. பழைய கோட்பாடு சராசரியைப் பிடித்துக்கொண்டு நடுக்கத்தை விட்டுவிடும். அதனால் மாறுநிலைக்குப் பக்கத்தில் பிசகும். நான் ஒரு திருத்தம் சேர்த்தேன். ஒவ்வொரு திரவத்துக்கும் ஓர் எண்ணைத் தேடிப் பொருத்தினால் விடை சோதனையோடு ஒத்துப்போகும். அந்த எண் ஏன் அவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் திருத்தத்தை என் பெயரால் அழைத்தார்கள்.

அவள் நடுக்கத்திலிருந்தே தொடங்கியிருந்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, அது கணக்கிலிருந்தே வந்தது. என்னைப் பற்றி ஒரே வாக்கியம்: இத்திருத்தம் இனித் தேவைப்படாது. எல்லாச் சமன்பாடுகளையும் நானே போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. இல்லை என்பதால்தான் பதில் எழுதாமல் இருந்தேன்.

அன்று முற்பகல் அவளே வந்து நின்றாள், கூட அவள் அம்மா. பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, முருகன் மலைக்குப் போய் இறங்கியிருந்தார்கள். அம்மா மொட்டை போட்டிருந்தார். சந்தனம் இன்னும் காயவில்லை.

"வேண்டுதலாம்மா?" என்றேன்.

"ஆங். இவ எழுதினது புக்குல வந்தா முடி குடுக்கறேன்னு வேண்டிகினேன் சார்."

"வந்துடுச்சா?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"எங்க வந்துச்சு? ஆரோ ஒரு பெரிய மனுசன் மடில வச்சிகினு குந்திகினுகீறானாம். அதான் முன்னாடியே குடுத்துட்டேன். வாங்கிகினாரு இல்ல முருகன்? இனிமே சும்மா இருக்க முடியுமா அவரால?"

"சாமிக்கே அட்வான்ஸ் சார்," என்று மகள் சிரித்தாள். "வீட்ல நைனா பாத்தா இன்னா சொல்லப்போறாரோ."

"மடில வச்சிகினுகீற அந்தாளுக்குக் கை வரலியோ இன்னாவோ," என்றார் அம்மா. " வயசானவனா இருப்பான்."

தண்ணீர் கொண்டுவர உள்ளே போய் வெறுங்கையோடு திரும்பினேன். அவள் பையிலிருந்து கட்டுரையின் பிரதியை எடுத்து நீட்டினாள்.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல சார். அவரு கண்டுபுடிச்சிட்டு, எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கறாருன்னு தோணுது. நீங்க ஒரு தடவை பாருங்க. தப்புன்னா இன்னைக்கே வாபஸ் வாங்கிடறேன்."

அரக்கோணத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை. பதவி உயர்வுக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தாள். என் மௌனத்தைத் தன் பிழை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"தப்பு இல்லை."

"இன்னும் பிரிக்கவே இல்லையே சார்."

"படிச்சாச்சு. அந்த ஆள் நான்தான்."

"எந்த ஆளு?" என்றார் அம்மா. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"எந்த இடத்துல சார் நின்னீங்க?"

"தேவைப்படாதுன்னு எழுதியிருக்கியே, அங்க."

பக்கங்களைத் தள்ளி அந்த வரியைக் கண்டுபிடித்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதுன்னு இதை எத்தனையோ தடவை மாத்தி எழுதினேன்."

"இப்பவே நல்லாருக்குன்னு அனுப்பிடறேன்." மடிக்கணினியைத் திறந்தேன்.

"வேணாம் சார். நீங்க எனக்கு யாருன்னு எடிட்டருக்குச் சொல்லிட்டு விலகிக்கோங்க. இப்ப நல்லாருக்குன்னு சொன்னா, எதுக்காகச் சொன்னீங்கன்னு எனக்கே தெரியாது."

"இன்னொருத்தர் முதல்லேருந்து படிக்கணும். இன்டர்வியூ?"

"போவட்டும்."

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார்க்காமல் மகளிடம் கேட்டார்: "அப்ப என் முடிய வாங்கிகினு அவரு இன்னா பண்ணாரு?"

"வாம்மா, வெயில் ஏறுது," என்று முந்தானையை அம்மாவின் தலைமேல் இழுத்துவிட்டு அழைத்துப் போனாள்.

அவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள் ஆசிரியருக்கு எழுதத் தொடங்கினேன்: அவள் என் மாணவி என்பதை மறைத்தேன், கட்டுரையில் பிழை காணவில்லை, வேண்டுமென்றே தாமதித்தேன், வேறொருவர் படிக்கட்டும். அனுப்புமுன் ஒருமுறை படித்தேன். கடைசியில், என் திருத்தம் அதன் காலத்தில் எவ்வளவு பயன்பட்டது என்று ஒரு வரி இருந்தது. எந்த நிமிஷத்தில் அதைச் சேர்த்தேனோ. அழித்துவிட்டு அனுப்பினேன்.

இந்நேரம் அவளுடைய நேர்காணல் முடிந்திருக்கும். போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.